கால் நாலு

ரோஸ்விதா ஆப்பிள் கேக்கைத் துண்டு போட்டுக்கொண்டிருந்தபோது வீப்கே ஹார்ம்சன் மழையில் நனைந்து வந்து நின்றாள். காலஞ்சென்ற எழுத்தாளர் ஷோகே வாழ்ந்த வீட்டிலேயே இயங்கும் அவரது ஆவணக் காப்பகத்துக்கு அவள்தான் தலைவி. ஹாம்பர்க்கிலிருந்து இந்தச் சாக்சனி ஊருக்கு வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. ரோஸ்விதா ஓய்வு பெற்ற காவல் ஆய்வாளர். ஓய்வை ஒத்துக்கொள்ளாத துப்பறிவாளர் அவள் கணவர் எக்கார்ட்.

"ஷோகே தன் குரல்லயே கடைசிக் கதையை வாசிச்ச ஒலிநாடாவைக் காணோம்," என்றாள் வீப்கே. "இருந்தது அது ஒண்ணுதான். கதைக்கு அப்புறம் வர்ற இரைச்சலை வெட்டிட்டுப் பிரதி எடுக்கணும்னு பெட்டி மேல சீட்டுகூட ஒட்டியிருந்தேன்."

"யார் மேல சந்தேகம்?" என்று கேட்டாள் ரோஸ்விதா.

"அவர் தம்பி லோத்தார். ஒன்பது வருஷமா சம்பளம் வாங்காம காப்பகத்தைப் பார்த்துக்கறார். இன்னைக்கு மூணரைக்கே பெட்டி காலி. அவரோ அதுக்கு அப்புறமும் நாடாவைப் பார்த்தேங்கிறார். நாளைக்கு நிர்வாகக் குழு கூடுது. அவரை இனிமே வர வேண்டாம்னு சொல்லணும்." அவள் கண் கலங்கியது.

"அப்ப ஆள் கிடைச்சாச்சு," என்றார் எக்கார்ட்.

"நீ கேக்கைச் சாப்பிடு," என்ற ரோஸ்விதா, வீப்கேயிடம் திரும்பினாள். "அவர் சொன்னதை அப்படியே சொல்லுங்க."

"கால் நாலுன்னார். நாலேகால்."

"அது நீங்களா வெச்சுக்கிட்ட அர்த்தம். எங்க பக்கம் கால் நாலுன்னா நாலாவது மணியில கால் பங்கு ஆச்சுன்னு அர்த்தம். மூணேகால். மனுஷன் உண்மையைத்தான் சொல்லியிருக்கார்."

வீப்கே பேயறைந்தவள் போல உட்கார்ந்தாள்.

"தரையில ஏதாவது இருந்ததா?"

"ஈர ஷூ தடம். தரை அழுக்காகாம இருக்க வாசல்ல கம்பளிச் செருப்பு வெச்சிருக்கோம். எல்லாரும் ஷூ மேல அதை மாட்டிக்கிட்டுத்தான் வருவாங்க. லோத்தார்கூட."

"அங்கேயே நாப்பது வருஷம் குடித்தனம் பண்ணினவங்க மாட்டுவாங்களா? சொந்த வீட்டுல யார் விருந்தாளிச் செருப்பு போடுவாங்க?"

ஷோகேயின் மனைவி இர்ம்கார்ட் அடுத்த தெருவில்தான் இருந்தாள். போகிற வழியில் லோத்தார் வீட்டுக் கதவைத் தட்டி வீப்கே மன்னிப்புக் கேட்டாள். "வடக்கத்திக்காரங்களுக்கு மணி பார்க்கத் தெரியாதுன்னு எனக்குத் தெரியும்மா," என்று சிரித்துவிட்டு அவரும் கோட்டை மாட்டிக்கொண்டு வந்தார்.

இர்ம்கார்ட் எதையும் மறுக்கவில்லை. "கதை ஊருக்கு. நீங்க வெட்டப்போற இரைச்சல்தான் எனக்கு வேணும்," என்று பழைய டேப் ரெக்கார்டரை ஓடவிட்டாள்.

கதை முடிந்தபின் ஷோகே நாடாவை நிறுத்த மறந்திருந்தார். கிண்ணத்தில் கரண்டி பட்டது. "சூப்புல உப்பே இல்லடி. என்னைப் பட்டினி போடப் பார்க்கறியா?" என்றது அவர் குரல். ஒரு பெண் விழுந்து விழுந்து சிரித்தாள்.

"ஒரு வார்த்தைகூட வெட்ட விடமாட்டேன்," என்றாள் வீப்கே.

"உப்பு சரியாத்தான் போட்டிருந்தேன்," என்றாள் இர்ம்கார்ட். "அப்பவே நோய் அவர் நாக்கு வரைக்கும் வந்துடுச்சு. அது தெரியாம நான் எப்படிச் சிரிக்கறேன் பாருங்க."