படகடித் தெரு, ஏழாம் எண்

மீன் கொண்டுபோய்க் கொடுக்கும் இருபத்து மூன்று தெருக்களின் பெயர்களைத்தான் ஜெயசித்ரா அடித்திருந்தாள். திரையில் இருபத்து நான்கு இருந்தன.

தானே எதையாவது இரண்டு முறை அடித்திருப்போம் என்றுதான் முதலில் நினைத்தாள். விடியற்காலையில் வைத்திக்குப்பம் கரையில் நின்று மீன் எடுத்து, வெட்டி, ஐஸ் போட்டு, வீடு வீடாக அனுப்பி முடித்த பிறகு, உச்சிவேளையில்தான் புதுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார நேரம் கிடைத்தது. பழைய லேப்டாப்பின் கீபோர்டு உப்புக்காற்றில் அரித்துப் போயிருந்தது. அதிலிருந்த எல்லாவற்றையும் இதற்கு மாற்றி, மூன்று வருடமாக ஓடும் மீன் விற்பனை வெப்சைட்டை அடியிலிருந்து புதிதாகச் செய்துகொண்டிருந்தாள். வெளியே காயும் வலைகளின் கவிச்சியும், அப்போதுதான் பிரித்த அட்டைப்பெட்டியின் வாசனையும் அறைக்குள் கலந்து நின்றன. சமையல்கட்டில் அம்மா சின்னப்பொண்ணு சங்கரா மீனுக்குச் செதில் சுரண்டும் சத்தம், தெருக்கோடியில் கடல் இரைவதோடு சேர்ந்து, ஒரே சீராக வந்துகொண்டிருந்தது.

விரல் வைத்து எண்ணினாள். கடைசியில் இருந்தது படகடித் தெரு.

அப்படி ஒரு தெரு இப்போது இல்லை. அவளுக்கு நான்கு வயதிருக்கும்போது கடல் அதை ஒரே நாளில் எடுத்துக்கொண்டது. பதினொரு வீடுகள், அவற்றில் ஒன்று அவர்களுடையது. மகளை இடுப்பில் தூக்கிக்கொண்டு சின்னப்பொண்ணு ஓடிவந்துவிட்டாள். மற்றவர்களைக் கூப்பிடத் திரும்பிப் போன அப்பா பாலகுரு வரவில்லை. அவர் கூப்பிடப் போன வீட்டுக்காரர்களும் வரவில்லை.

பெயரை அழித்தாள். பக்கத்தைத் திரும்பத் திறந்தால் அது அங்கேயே இருந்தது. முதலியார்பேட்டையில் இருக்கும் வினோத்குமாருக்குப் போன் செய்தாள். வெப்சைட் வேலையில் அவளுக்கு உதவுகிறவன் அவன்.

"பழசுலேருந்து எதுனா ஒட்டிக்கினு வந்திருக்கும்க்கா. தூக்கிடுங்க."

"பழசுலயும் அது இல்லயே வினோத்து."

அப்போது கம்ப்யூட்டரில் மணி ஒலித்தது.

"ஆர்டர் ஒண்ணு வந்திருக்குது," என்றாள்.

"எப்படிக்கா வரும்? புது சைட்ட நாம இன்னும் வெளிய விடவே இல்லியே. அது உங்க மெஷின்ல மட்டும்தான இருக்குது."

போனை வைத்துவிட்டு ஆர்டரைத் திறந்தாள். படகடித் தெரு, ஏழாம் எண். அவர்கள் வீட்டு எண். மீன் எதையும் தேர்ந்தெடுக்கவில்லை. குறிப்பு எழுதும் கட்டத்தில் மட்டும் ஒரு வரி இருந்தது.

'மீனு இங்க நெறைய இருக்குது. நீங்க வாங்க.'

நெட் இணைப்பைப் பிடுங்கினாள். மறுபடியும் மணி.

'சின்னப்பொண்ணு, புள்ளயத் தூக்கிக்கினு வா.'

செதில் சுரண்டும் சத்தம் நின்றது. அம்மா அறை வாசலில் நின்றிருந்தாள். "என்னா அது? படி."

ஜெயசித்ரா படித்துக் காட்டினாள். சின்னப்பொண்ணு ஈரக் கையைப் புடவையில் துடைத்துக்கொண்டாள்.

"வரமுடியாதுன்னு எழுது."

"அது அப்பாதாம்மா."

"யாரா இருந்தா என்னா. பொழைக்கணும்னுதான் அன்னிக்கு உன்னத் தூக்கிக்கினு ஓடியாந்தேன். சாவறதுக்கா?"

ஜெயசித்ரா அடித்தாள்: 'வரமாட்டோம்.' கொஞ்சம் யோசித்து, 'இது எங்க வீடு' என்றும் சேர்த்தாள். அனுப்பினாள்.

கடல் நின்றது.

பிறந்த நாளிலிருந்து ஒரு நொடிகூட ஓயாத இரைச்சல். இல்லை. காக்கை இல்லை. ஆட்டோ இல்லை. காதுக்குள் ஏதோ அழுத்தியது.

மணி.

'அப்ப நாங்க வர்றோம்.'

கதவு தட்டப்பட்டது. மெதுவாக. நிறைய கைகள்.

"தெறக்காத," என்றாள் அம்மா.

"தெறக்கலன்னா போயிடுவாங்களா? நானே சொல்லிடறேன்."

தாழ்ப்பாளை நீக்கினாள்.

தெருவில் வெயில் இருந்தது. பச்சையாக. காற்று இல்லை. வாசலில் அவர்கள் நின்றார்கள், ஆணும் பெண்ணுமாக, கூட்டமாக. யாரும் நனைந்திருக்கவில்லை. ஆனால் தலைமுடிகள் மேலே எழும்பி மெல்ல ஆடின. முந்தானைகள் ஆடின. எல்லாம் ஒரே பக்கமாக. முன்னால் நின்றவருக்கு அவளைவிட வயது குறைவு. அப்பாவின் கல்யாணப் படத்தில் பார்த்த அதே முகம்.

அவள் நிலைப்படியில் நின்று இரண்டு பக்கமும் கையை ஊன்றிக்கொண்டாள். அம்மா பின்னால் வந்து முதுகோடு ஒட்டி நின்றாள்.

"உள்ள வரக்கூடாது," என்றாள் ஜெயசித்ரா.

அவர் பதில் சொல்ல வாயைத் திறந்தார். சத்தம் வரவில்லை. ஒரு குமிழி வந்தது. அது உடையாமல் அவள் நெற்றியைத் தாண்டி, கூரையைத் தாண்டி, மேலே போனது.

கையை எடுக்காமலே அவள் தலையை நிமிர்த்திப் பார்த்தாள்.

மாடிகளுக்கு மேலே, வெகு உயரத்தில், ஒரு படகின் அடிவயிறு மெதுவாகக் கடந்து போய்க்கொண்டிருந்தது.