நனையாத தூண்

மூக்கண்டப்பள்ளியில் கட்டிக்கொண்டிருந்த ஆறு மாடித் தொழிலாளர் விடுதிக்குத் திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு முனிராஜ் மேஸ்திரி வந்து சேர்ந்தார். சுவர்களைப் பூச்சுக்குத் தயார் செய்யும் வேலை. இன்ஜினியர் கமலக்கண்ணன் முன்பே வந்திருந்தார். மஞ்சள் ஹெல்மெட், அதில் பெயர், பெயருக்குப் பின்னால் இரண்டு பட்டங்கள்.

"சர்ஃபேஸ் பிரிபரேஷன்ங்கறது ஒரு சயின்ஸ், மேஸ்திரி."

முப்பது வருடமாக அந்த சயின்ஸை உளியால் செய்துவரும் முனிராஜ், "ஆமாங்க சார்" என்றார்.

விஷயம் இவ்வளவுதான். வழவழப்பான கான்கிரீட்டில் பூச்சு ஒட்டாது. குழி குழியாகக் கொத்தி, தூசி தட்டி, தண்ணீர் அடிக்க வேண்டும்.

மூலைத் தூண் ஏற்கெனவே கொத்தப்பட்டிருந்தது.

இடப்பக்கம் சாய்ந்த கொத்து. அப்படிக் கொத்துகிறவன் இடக்கை மாரிசாமி ஒருவன்தான். பெரிய தூண் அது. கான்கிரீட் ஊற்றும் பலகைப் பெட்டிக்குள் ஆள் இறங்கித்தான் கம்பி கட்ட வேண்டும். கான்கிரீட் ஊற்றிய அன்றிலிருந்து அவனைக் காணோம். 'சொல்லாமல் சிங்காரப்பேட்டைக்கு ஓடிவிட்டான்' என்று கமலக்கண்ணன் ரிஜிஸ்டரில் எழுதி, முத்திரையும் குத்தியிருந்தார். அன்று இங்கேயே வேலை பார்த்த முனிராஜுக்கு, கலவை மிஷின் இரைச்சலில் யாரோ கூப்பிட்டதுபோல் இருந்தது. அவர் திரும்பிப் பார்க்கவில்லை.

இப்போது விரலால் தடவினார்.

குழிகள் இல்லை. எல்லாம் வெளியே புடைத்திருந்தன.

உள்ளிருந்து விழுந்த கொத்து.

மாரிசாமியின் மனைவி வினோதா வாளியோடு வந்தாள். திரும்பி வந்தால் இங்கேதான் தேடுவான் என்று, அதே இடத்தில் சித்தாளாக நின்றுவிட்டவள். தூணில் தண்ணீரை வீசினாள். கான்கிரீட்டில் தண்ணீர் வழிந்தோடும். ஒரு சொட்டுகூடக் கீழே வரவில்லை.

இரண்டாவது வாளி. ஐந்தாவது.

தூண் காய்ந்தே இருந்தது. மாரிசாமியின் பீடி நாற்றம் மட்டும் மெல்ல எழுந்தது.

"என்னாண்ணா, இந்தக் குடி குடிக்குது?"

அவள் புடைப்புகளில் கை வைத்தாள். நெடுநேரம் கையை எடுக்கவில்லை.

"இது அவரு கொத்துதானே?" குரல் கிசுகிசுப்பாக இறங்கியது. "உடைச்சுப் பாக்கச் சொல்லுண்ணா."

முனிராஜ் போய்ச் சொன்னார்.

"ஆறு மாடியும் அது மேலதான் நிக்குது. உடைக்கிறதாம்!" கமலக்கண்ணன் சிரித்தார். "தண்ணி குடிச்சா நல்லதுதான்யா. பூச்சோட பாண்டிங் பிரமாதமா இருக்கும். பூசு."

வினோதா போலீஸ் ஸ்டேஷனுக்குப் போனாள். அங்கே சொன்னார்கள்: "தூண் தண்ணி குடிச்சதுக்கெல்லாம் எஃப்.ஐ.ஆர். போட முடியாதும்மா."

பூசினார்கள். கரணை பிடித்தது முனிராஜ்தான். கரணைக்கு அடியில் ஏதோ தட்டியது.

மூன்று முறை.

அவர் இன்னும் கொஞ்சம் கலவையை அப்பினார்.

பூச்சுக்கு ஏழு நாள் தண்ணீர் அடித்தால் போதும். பெயின்ட் அடித்து, ஆட்கள் குடிவந்து ஆறு மாதமாகிறது. வினோதா அங்கேயே பெருக்குகிற வேலையில் இருக்கிறாள். தினமும் மத்தியானம், தான் சாப்பிடுவதற்கு முன், ஒரு சொம்புத் தண்ணீரைத் தூணில் ஊற்றுகிறாள்.

தரை இதுவரை நனைந்ததில்லை.