வடக்கு அறையிலிருந்து வந்த பதிவு

தோருன் ஓசெனின் வலைப்பதிவுக்கு விருந்தினர் பதிவு அனுப்புகிறவர்களில் பாதிப் பேர் பெயின்ட் விற்பவர்கள். மீதிப் பேர் சூதாட்டத் தளம் ஒன்றின் சுட்டியை நடுவில் நுழைக்கப் பார்ப்பவர்கள். நார்வேயின் வடகரையில் ஆள் விட்டுப்போன வீடுகளைப் பற்றிப் பதினொரு வருடமாக எழுதிவருகிறாள் அவள். பதிவு அனுப்ப மூன்றே விதிகள். நீங்களே உள்ளே போன வீடாக இருக்க வேண்டும், படம் நீங்களே எடுத்ததாக இருக்க வேண்டும், சொந்தப் பெயர் போட வேண்டும்.

நவம்பரில் வந்த அந்தப் பதிவில் பெயர் இல்லை.

குரோக்கோய் தீவின் பழைய காசநோய் விடுதியைப் பற்றியது. ‘வடக்கு அறையில் நான்கு கட்டில்கள். மூன்றாவது ஜன்னலோரம். மாலையானால் தலைமைத் தாதி கதவை வெளியே தாழிடுவார். அடுப்புக் குழாய் அடைத்துக்கொண்டால் புகை உள்ளேதான் வரும். தட்டினால் அவருக்குப் பிடிக்காது.’ அவ்வளவுதான். கூடவே ஒரு படம். மூடிய கதவு, உள்ளிருந்து எடுத்தது.

தோருன் இரண்டு முறை படித்தாள். அந்தத் தலைமைத் தாதிக்குத் துறைமுகத்தில் நினைவுக்கல் இருக்கிறது. தன் உயிரைப் பாராமல் நோயாளிகளைக் காத்தவர் என்று செதுக்கியிருக்கிறார்கள். அந்த விடுதியில் ஒரே குளிர்காலத்தில் இறந்த நான்கு பெண்பிள்ளைகளுக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. காசநோய் என்று ஒரே வரியில் முடித்துவிட்டது தேவாலயப் பதிவேடு.

‘உங்கள் பெயரை அனுப்புங்கள். பெயரில்லாமல் வெளியிட மாட்டேன்’ என்று பதில் போட்டாள்.

ஒரு நிமிடத்தில் அதே பதிவு திரும்ப வந்தது. கடைசியில் ஒரு வரி கூடியிருந்தது. ‘பெயர் எழுதிய அட்டையைக் கட்டில் காலில் கட்டியிருந்தார்கள். அப்புறம் அவிழ்த்துவிட்டார்கள்.’

யாரோ தன்னோடு விளையாடுகிறார்கள் என்று நினைத்தாள். பயத்தைவிடக் கோபம்தான் அதிகம் வந்தது. மறுநாள் காலையிலேயே ஐவினைப் படகு எடுக்கச் சொன்னாள். ஐவின் அவள் தங்கையின் முன்னாள் கணவன்.

“உன் தங்கச்சிய விட்டு விலகி ஏழு வருஷமாச்சு. உன்ன விட்டுத்தான் விலக முடியல” என்றான், கயிற்றை அவிழ்த்தபடி.

“பேசாம ஓட்டு. காப்பி கொண்டுவந்திருக்கேன்.”

தீவில் இறங்கும்போது நண்பகல். அந்த மாதத்தில் நண்பகல் என்பது சாம்பல் நிறம், அவ்வளவுதான். விடுதியின் வாசல் திறந்தே கிடந்தது. உள்ளே ஈர மரத்தின் வாசம், எலிப்புழுக்கை, உரிந்து தொங்கும் சுவர்த்தாள். ஐவின் நடையிலேயே நின்றுகொண்டான். தோருன் மட்டும் வடக்கு அறைக்குள் போனாள்.

நான்கு இரும்புக் கட்டில்கள். மூன்றாவது ஜன்னலோரம்.

கதவின் உட்புறத்தைப் படமெடுக்கலாம் என்று போனைத் தூக்கினாள். கதவு மெதுவாக, யாரோ தூங்குகிறவர்களை எழுப்பிவிடக் கூடாதென்று சாத்துவதுபோல, மூடிக்கொண்டது.

வெளியே தாழ் விழுந்தது.

“ஐவின், விளையாடாத.”

கதவைத் தள்ளிப் பார்த்தாள். அசையவில்லை.

முதலில் வந்தது வாசம்தான். ஈரக்கரி புகையும் வாசம். அடுப்பைத் தொட்டுப் பார்த்தாள். சில்லென்றிருந்தது. ஆனாலும் கண் எரிந்தது. தொண்டை கரித்தது. ஜன்னல் சட்டம் நெடுக ஆணி அடித்திருந்தார்கள்.

கையில் போன் அதிர்ந்தது. அந்தத் தீவில் சிக்னல் கிடையாது.

அதே பதிவு. அடியில் புதிய வரி.

‘இன்று அறைக்குப் புதிதாக ஒருத்தி வந்திருக்கிறாள். ஜன்னலருகே நிற்கிறாள்.’



பின்னால் மூன்றாவது கட்டில் கிறீச்சிட்டது, யாரோ எழுந்து உட்கார்ந்ததுபோல. பிறகு முதலாவது. பிறகு மற்ற இரண்டும்.

திரும்பிப் பார்த்தால் கட்டில்கள் காலி.

தோருனுக்கு அழுகை முட்டியது. அந்த நேரத்தில், எங்கிருந்து வந்ததோ தெரியவில்லை, பழைய கோபம் மறுபடி பொங்கியது.

“இங்க பாருங்க” என்றாள். குரல் நடுங்கியது, ஆனாலும் நிறுத்தவில்லை. “என்னையும் அடைச்சு வெச்சா உங்க கதைய யாரு வெளிய சொல்லுவா? அஞ்சாவது ஆளாப் படுக்க நான் வரல. சொல்லணும்னா பேரச் சொல்லுங்க. பேரில்லாம போட மாட்டேன்.”

புகை அடர்ந்தது.

அவள் இடுப்பு உயரத்தில், படுத்திருப்பவளின் வாய் இருக்கும் உயரத்தில், ஒரு கிசுகிசுப்பு.

“குன்வோர்.”

போனில் எழுதிக்கொண்டாள்.

“ஆஸ்லௌக்.”

“ஹெர்போர்.”

நான்காவது வர நேரமாயிற்று. மிகச் சின்னக் குரல்.

“திரினே. எழுத்து சரியா இருக்கா பாருங்க.”

“சரியா எழுதிட்டேன்மா” என்றாள் தோருன்.

தாழ் விலகியது. ஐவின் கதவோடு சேர்ந்து உள்ளே விழுந்தான். உள்ளங்கை இரண்டும் கிழிந்து ரத்தம்.

“கால் மணி நேரமா தாழ இழுக்கறேன், அசையவே இல்ல” என்று மூச்சிரைத்தான். பிறகு அறையைச் சுற்றிப் பார்த்தான். “உள்ள இத்தன பேரு பேசிட்டிருந்தீங்களே. மத்தவங்க எங்க?”

அன்று மாலையே பதிவை வெளியிட்டாள். ஒரு சொல்கூட மாற்றவில்லை. மேலே ‘எழுதியவர்கள்’ என்று நான்கு பெயர்கள்.

ஒன்பதாம் நாள் மத்தியானம் ஹால்வர் ஸ்டென்ஸ்லி கூப்பிட்டார். நினைவுக்கல்லை வைத்த சங்கத்தின் தலைவர், தலைமைத் தாதியின் அண்ணன் பேரன்.

“அதை எடுத்துடுங்க. செத்தவங்க பேர்ல எழுதறது அசிங்கம்.”

“எழுதினவங்க பேரத்தான் போட்டேன். செத்தவங்கன்னு நான் எங்கயும் எழுதலையே.”



“அந்தப் பேரெல்லாம் எந்தப் பதிவேட்டுலயும் கிடையாது” என்றார். “எங்க குடும்பத்துப் பெட்டியில மட்டும்தான் இருக்கு. உங்களுக்கு யார் குடுத்தது?”

“அப்போ அட்டைங்க உங்ககிட்டதான் இருக்கு.”

“கோர்ட்டுக்குப் போவேன்.”

“போங்க. அட்டைங்களயும் எடுத்துட்டு வாங்க. பதிவு அங்கயேதான் இருக்கும்.”

அவர் கத்துவார் என்று எதிர்பார்த்தாள். அதற்குப் பதில் வேறொரு சத்தம் கேட்டது. அவள் போனைக் காதோடு அழுத்திக்கொண்டாள்.

“ஸ்டென்ஸ்லி, உங்க பக்கத்துல யாரு இருமறாங்க?”

“யாரும் இல்ல. நான் தனியாதான் இருக்கேன்.”

மறுபடி இருமல். முதலில் ஒன்று. பிறகு வேறொன்று. நான்காவது மிகச் சின்னது.

நாற்காலி நகர்ந்தது. அவருடைய காலடிகள் கதவை நோக்கி அவசரமாகப் போயின. கதவுப்பிடி ஒருமுறை திருகும் சத்தம்.

இன்னொரு முறை.

இன்னொரு முறை.