செபமாலையின் மறுபாதி

"வழி விடுங்கோ ரீச்சர்... மாதா நனையிறா!"

நிலுஜா விலகுவதற்குள் அவன் கேற்றைக் காலால் தள்ளி, முற்றத்தைத் தாண்டி, விறாந்தையில் ஏறி, அவள் மேல் மோதாத குறையாக வந்து நின்றான். சாரத்தை மடித்துக் கட்டியிருந்தான். மேலே சட்டை இல்லை. சட்டை எங்கே என்றால்... அவன் நெஞ்சோடு அணைத்திருந்த மாதா சுரூபத்தின் மேல்! தலையோடு சேர்த்துப் போர்த்தி, பொத்தான்கூடப் பூட்டியிருந்தான்.

அவளுக்குச் சிரிப்பு வந்தது. கூடவே கோபமும் வந்தது.

"என்ர வீட்டுக்கு மாதா வரமாட்டா எண்டெல்லோ சொன்னவை?"

"மழைக்கு அது தெரியேல்லைப் போல..."

இமையிலிருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட அந்தக் கண்கள் சிரித்தன. என்ன கண்களோ... நனைந்து நிற்கிற நேரத்திலும் ஒரு கவலை தெரியவில்லை.

ஐப்பசி பிறந்தால் நெடுந்தீவில் மாதா சுரூபம் வீடு வீடாகப் போகும். ஒவ்வொரு மாலையும் ஒரு வீட்டிலிருந்து அடுத்த வீட்டுக்குப் பாட்டோடு கொண்டுபோவார்கள். வீட்டுக்காரர் செபமாலையைத் தொடங்க, வந்தவர்கள் எல்லோரும் பதில் சொல்வார்கள். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் தேத்தண்ணீர், பலகாரம். அதனால்தான் மூப்பர் அருளப்பு ஞாயிறு பூசை முடிந்ததும் அவளிடம் அன்பாகவே சொன்னார்.

"பிள்ளை தனிய இருக்கிறீர். இத்தனை சனத்துக்கு அடுப்பு மூட்டி ஏன் கஷ்டப்படுவான்? உம்மட வீட்டை இந்தமுறை விட்டிட்டம்."

அவள் ஓம் என்று தலையாட்டினாள். வேறு என்ன சொல்வது? ஆனால் வீட்டுக்கு வந்து கதவைச் சாத்தியதும் அழுதாள். தனியாக இருப்பவள் வீடு ஒரு வீடில்லையா?

பாசையூரில் அம்மா இருந்தவரை தினமும் இருட்டும் நேரத்தில் இருவருமாகச் செபம் சொல்வார்கள். அருள் நிறைந்த மந்திரத்தின் முதல் பாதியை நிலுஜா சொல்வாள், மறுபாதியை அம்மா சொல்வார். தை மாதம் அம்மா போய்விட்டார். சித்திரையில் இந்தத் தீவுப் பள்ளிக்கூடத்துக்கு மாற்றம் வந்தது. அன்றிலிருந்து இரண்டு பாதியையும் அவளேதான் சொல்லிக்கொண்டிருந்தாள். தானே கேட்டு, தானே பதில் சொல்லி... ஆண்டவரே, நீர் இருக்கிறீரா? இருந்தால் ஒரு சொல் சொன்னால் என்ன குறைந்துவிடும்?

இன்று பின்னேரம் பாட்டுச் சத்தம் ஒழுங்கையில் கேட்டபோது கேற்றடியில் போய் நின்றாள். மாதா அவளுடைய வாசலைக் கடந்து போனார். நிலுஜா உள்ளே வந்து செபமாலையை அலுமாரிக்குள் வைத்துக் கதவைப் பூட்டினாள். இனி இல்லை. போதும். விறாந்தைக்குத் திரும்பி வந்தபோதுதான் மழை கொட்டியது. பின்னால் வந்த சனமெல்லாம் திரும்பி, பக்கத்து வீட்டு மரியமுத்து அக்காவிடம் ஓடியது. சுரூபத்தோடு முன்னால் போனவன் மட்டும் இங்கே ஓடி வந்துவிட்டான்.

அவள் மாதாவை வாங்கி உள்ளே மேசையில் வைத்தாள். அவனுக்கு ஒரு துவாய் கொடுத்தாள்.

"நீர் ஆர்?"

"அனுசன். பின்வளவுக்கு அங்கால மாடு கட்டுறது நான்தான்."

"சரி அனுசன். மழை விடட்டும், மாதாவைக் கொண்டுபோம்."

"அது ஏலாது ரீச்சர். இறக்கின வீட்டில செபமாலை சொல்லாமல் மாதாவைத் தூக்கக்கூடாது. நீங்கள் தொடங்குங்கோ..."

நல்ல வழக்கம்! சற்று முன் பூட்டிய அலுமாரியை அவள் மறுபடி திறந்தாள். செபமாலையை எடுத்துக்கொண்டு முழந்தாளில் இருந்தாள். மெழுகுதிரியைக் கொளுத்தி வைத்த அனுசன், "துக்க தேவ இரகசியம், முதலாவது..." என்று எடுத்துக் கொடுத்தான்.

நிலுஜா நிமிர்ந்து பார்த்தாள்.

"இண்டைக்குப் புதன்கிழமை. மகிமையெல்லோ சொல்லவேணும்?"

"நீங்கள் எந்த நாளும் துக்கம்தானே சொல்லுறனீங்கள்..."

சொல்லிவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டான். பிடிபட்டுவிட்டான்.

அவளுக்கு முகம் சூடாகியது. உண்மைதான். செபமாலையில் ஒவ்வொரு கிழமைக்கும் ஒரு தேவ இரகசியம் உண்டு; அம்மா போனதிலிருந்து கிழமை எதுவானாலும் அவள் துக்கத்தைத்தான் சொல்லிவந்தாள். அது அவளுக்கும் ஆண்டவருக்கும் மட்டும் தெரிந்த விஷயம் என்று நினைத்திருந்தாள்.

"மதிலுக்கு அங்கால நிண்டு ஒட்டுக்கேக்கிறனீரோ? நான் அழுறதையும் கேட்டிருப்பீர். பாவமெண்டு நினைச்சுத்தான் மாதாவை இங்க கொண்டுவந்தனீரோ? எனக்கு ஒருத்தற்றை பரிதாபமும் வேண்டாம்!"

"ஒட்டுக்கேக்கேல்லை ரீச்சர்..." அவன் குரல் தாழ்ந்தது. "பதில் சொன்னனான்."

"என்ன?"

"எங்கட வீட்டில அம்மாதான் முன்னுக்குச் சொல்லுறவ. நானும் ஐயாவும் பின்னுக்கு. இப்ப ரெண்டு பேரும் இல்லை. எனக்குத் தனியத் தொடங்க வராது. வைகாசியில ஒருநாள் மாடு கட்ட வரேக்கை உங்கட குரல் கேட்டது. நீங்கள் முதல் பாதி சொல்ல, எனக்கு வாயில மறுபாதி தானா வந்திட்டுது. பிறகு எந்த நாளும்... பிழையெண்டா மன்னியுங்கோ. மழையில உங்கட கேற் கிட்டவா இருந்ததும் மெய்தான்."

அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பேசினால் அழுகை வந்துவிடும். அவன் அதைக் கோபம் என்று நினைத்தான் போலும். துவாயைக் கதிரையில் போட்டுவிட்டு மழைக்குள் இறங்கிப் போய்விட்டான்.

போகட்டும்... போனால் என்ன?

மாதா அவனுடைய சட்டையைப் போட்டுக்கொண்டு மேசையில் நின்றார். மெழுகுதிரி எரிந்தது. நிலுஜா கையிலிருந்த செபமாலையின் முதல் மணியைப் பிடித்தாள். மகிமை தேவ இரகசியம்... எத்தனை மாதம் கழித்து! முதல் பாதியைச் சொன்னாள். வழக்கம்போல மறுபாதிக்கு வாய் திறந்தாள்.

பிறகு நிறுத்திக்கொண்டாள்.

மழைச் சத்தம் மட்டும். அவள் காத்திருந்தாள். ஒரு பதிலுக்காக இப்படி மூச்சைப் பிடித்துக்கொண்டு அவள் காத்திருந்ததே இல்லை. இதுவரை ஒரு நாளாவது இடம் விட்டாளா? முதல் பாதி முடிய முன்னமே மறுபாதியையும் தானே அவசர அவசரமாகச் சொல்லி...

"புனித மரியே..."

பின்பக்கத்து முருகைக்கல் மதிலுக்கு அப்பாலிருந்து வந்தது. மழையில் நனைந்த குரல். இன்று உரத்துச் சொன்னான். அவளுக்குக் கேட்கவேண்டுமென்றே சொன்னான்.

நிலுஜாவின் கண்கள் நிறைந்தன. ஆண்டவரே, நீர் பேசவில்லை என்று எத்தனை நாள் உம்மோடு சண்டை பிடித்தேன்! நான் தனியாகச் சொன்னதாக நினைத்த ஒரு செபத்தைக்கூட நீர் தனியாக விடவில்லையே. எனக்குத் தெரியாத நாளிலும் என்னோடு ஆள் வைத்திருந்தீரே...

எழுந்து குசினிக் கதவைத் திறந்தாள்.

"அனுசன்! உள்ளுக்கு வந்து சொல்லும். காய்ச்சல் பிடிக்கப்போகுது."

செபம் முடிய மழையும் விட்டது. ஒழுங்கையில் ஆட்கள் வரும் சத்தம் கேட்டது. மரியமுத்து அக்கா கேற்றடியில் நின்றே குரல் கொடுத்தார்.

"ரீச்சர், மாதா இண்டைக்கு உம்மட்டையே நிக்கட்டும். நாங்கள் தேத்தண்ணி கொண்டுவாறம்!"

அந்த வீட்டுக்குள் இத்தனை செருப்பும் இத்தனை குரலும் வருவது இதுதான் முதல் தடவை. நிலுஜா அவசரமாகச் சட்டையைக் கழற்றி அவனிடம் நீட்டினாள்.

"போடும் முதல். சனம் வருது."

வாங்கியவன் போடாமல் நின்றான். கண்களில் அந்தச் சிரிப்பு இல்லை.

"ரீச்சர்... வைகாசியில மாதாவுக்காகத்தான் பதில் சொன்னனான். ஆவணிக்குப் பிறகு உங்களுக்காகவும்... உங்களை எனக்குப் பிடிச்சிருக்கு. அவவுக்கு முன்னால பொய் சொல்ல ஏலாது."

அவள் தலை குனிந்தாள். விரல்கள் மணிகளைத் தேடின.

"நாளைக்கு மாதா அடுத்த வீட்டுக்குப் போயிடுவா..."

"ஓம்."

"நான் செபத்தை விடமாட்டன். தொடங்கிறது நான்தான். ஆனால் மதில் உயரம் அனுசன்... உம்மட சத்தம் எனக்குக் கேக்கிறேல்லை."

ஆட்கள் விறாந்தையில் ஏறிவிட்டார்கள். அவள் அவனுக்கு மட்டும் கேட்கும்படி சொன்னாள்.

"இனி மதிலுக்கு இங்கால இருந்து சொல்லும்."