சங்குத்தீவின் வானிலை

காலைச் செய்தியில் கடைசியாக வருவது என் பங்கு. தலைநகரில் லேசான மழை, தென்கரையில் வெயில், சங்குத்தீவில் அமைதியான கடல், இதமான கொண்டல் காற்று. முதல் இரண்டும் செயற்கைக்கோள் தருபவை. மூன்றாவது எங்கள் ஊகப்பொறி கக்குவது. தீவுக்கு மேல் எதிரி நாடு மறைத்திரை விரித்திருக்கிறது. அங்கே மழையா வெயிலா என்று எங்களுக்கு ஒரு மண்ணும் தெரியாது.

தெரியாவிட்டாலும் சொல்லியே ஆக வேண்டும். உலக எல்லை மன்றத்தின் சட்டம் அப்படி. இழந்த நிலத்தை ஒரு நாடு தன் செய்தியில் தன்னுடையதாகப் பேசிக்கொண்டிருக்கும்வரைதான் வழக்கு உயிரோடு இருக்கும். மன்றத்தின் செவிப்பொறி எல்லா நாட்டு அலைவரிசைகளையும் கேட்டுக்கொண்டே இருக்கிறது. பேச்சு நின்றாலோ, அங்கே நடப்பது எங்களுக்குத் தெரியாது, அங்கே எங்கள் ஆட்சி இல்லை என்று நாங்களே ஒத்துக்கொண்டாலோ, மன்றத்தின் வரைபடத்தில் தீவு எதிரியின் நிறத்துக்கு மாறிவிடும். பீரங்கிக்கு ஒருமுறை பறிகொடுத்ததை வாயால் இன்னொருமுறை பறிகொடுக்கலாம்.

போரின்போது எங்கள் அரசு, தீவில் இருந்த படையை எடுத்துத் தலைநகரைக் காத்தது. வெளிநாட்டு அலைவரிசைகள் எங்களைப் பிள்ளையைப் போட்டுவிட்டுப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடிய நாடு என்றன. உள்ளூரில் நாங்கள் அதற்குத் தற்காலிகப் படைச் சீரமைப்பு என்று பெயர் வைத்தோம். எதைக் கேட்டாலும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். தீவில் விடப்பட்டவர்களைப் பற்றி ஒருவரும் மூச்சு விடவில்லை. என் அண்ணன் ரெமிஜியஸ் அங்கேதான் மீன்பிடிக்கிறான்.

நேற்று மாலை நிலையத்துக்கு ஒருவர் வந்தார். பெயர் இன்னாசி. தீவிலிருந்து தப்பி வந்த மீனவர். உப்பில் உதடு வெடித்திருந்தது.

"வானிலை வாசிக்கது நீங்கதானம்மா? சலேத்து?"

"ஆமா."

"குரலக் கேட்டதுமே தெரிஞ்சிட்டு. அங்க எல்லாரும் களவா உங்களத்தான் கேக்கோம். நீங்க அமைதின்னு சொன்னா வள்ளத்த இறக்கிருவோம்."

"அங்க அவனுவ வானிலை சொல்லுறதில்லையா?"

"சொல்லுதானுவ. ஒண்ணும் பிசகாது. போன மாசங்கூடப் புயல் வருதுன்னு ஒலிபெருக்கில கத்துனானுவ. நீங்க அமைதின்னீங்க. அவன் பேச்சக் கேட்டு வள்ளத்தக் கரையேத்துனா, அவன் ஆட்சிய ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிராதா? போனதுல பாதி வள்ளம் திரும்பல."

"வானத்தப் பாத்தா உங்களுக்கே தெரியாதா?" என்று கத்திவிட்டேன்.

"தெரியும். ஆனா நம்ம நாடு சொல்லுதேம்மா." அவர் குரலில் குற்றச்சாட்டே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எங்கண்ணன் ரெமிஜியஸ்?"

"அன்னைக்குக் காய்ச்சல்ல படுத்துட்டாவ, பிழைச்சிட்டாவ. தங்கச்சி சொன்னா சரியாத்தான் இருக்கும்னு மறுபடியும் வலையத் தூக்கிட்டாவ. நாளைக்கு இன்னொரு புயல்னு ஒலிபெருக்கில சொல்லுதானுவ. நீங்க என்ன சொல்லப் போறிய?"

ஊகப்பொறி மறுநாளுக்கும் அமைதி என்றே எழுதி வைத்திருந்தது. செய்தி ஆசிரியர் ஜெயசீலி அக்காவிடம் ஓடிப்போய் எல்லாவற்றையும் சொன்னேன்.

"கொந்தளிப்புன்னு வாசிச்சிரு. நாளைக்குத் தப்பிச்சிருவாங்க," என்றாள்.

"அதுக்கடுத்த நாளு? தினமும் புயல்னா பட்டினி கிடப்பாங்க. அமைதின்னா சாவாங்க. நமக்குத் தெரியாதுக்கா!"

"தெரியாதுன்னு சொன்னா தீவு போயிரும் சலேத்து. எங்கம்மாவ அங்கதான் புதைச்சிருக்கோம்." அவள் அழுதுவிட்டாள். நான் வாசிப்புத் தாளை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன். இருப்பவர்களைவிடப் புதைக்கப்பட்டவர்கள் பெரிதா என்று கேட்க நாக்கு துடித்தது.

இன்று காலை தலைநகர், தென்கரை இரண்டையும் வாசித்து முடித்தேன். பிறகு சொன்னேன்: "சங்குத்தீவின் வானிலை எங்களுக்குத் தெரியாது. இதுவரை சொன்னதும் தெரியாமல் சொன்னதுதான். தீவில் உள்ளவர்கள், அங்கே அறிவிப்பதைக் கேட்டு நடந்துகொள்ளுங்கள். அண்ணே, நீயும் கேளு."

நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் மன்றத்தின் வரைபடத்தில் தீவின் நிறம் மாறிவிட்டது. ஜெயசீலி அக்கா என் முகத்தைப் பார்க்கவில்லை.

உச்சிவேளைக்குள், ஒரே வாக்கியத்தில் தீவைக் கொடுத்த பெண் என்று வெளிநாட்டு அலைவரிசைகள் சிரித்தன. எங்கள் அலைவரிசையும் அதையேதான் சொன்னது, சிரிக்காமல். இந்தப் போரைப் பற்றி அவர்களும் நாங்களும் ஒத்துப்போனது இதுதான் முதல்முறை. இதுவரை தீவின் வானிலையை வெளியே விடாத எதிரி நாட்டு அலைவரிசை மட்டும், புயல் தீவைக் கடந்துவிட்டதாக அறிவித்தது. அப்போது கடலில் யாராவது இருந்தார்களா என்று எதுவும் சொல்லவில்லை. நான் ஒவ்வொன்றாக மாற்றி மாற்றிக் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.