குகைக்குள் ஒரு தகடு

காலை ஏழு மணிக்குக் கடல் ஏறத் தொடங்கியதும் செம்பாறைத்துறையின் வீடுகள் வழக்கம்போல் இரும்புக் கால்களை நீட்டி எழுந்து நின்றன. ஆட்டம் அடங்கும்வரை சகாயராணி கட்டங்காப்பி டம்ளரைக் கையில் பிடித்துக்கொண்டிருந்தாள். அப்போதுதான், காதுக்குள் பதித்திருந்த செவிச்சில்லில் கணவன் பெர்க்மான்சின் குரல் வந்தது.

"ராணி, குகைக்குள்ள பாறை சரிஞ்சிட்டு. கால் மாட்டிக்கிடக்கு. தண்ணி முட்டுக்கு மேல வந்தாச்சு."

ஊருக்கு அடியில் கடல் எவ்வளவு தூரம் அரித்திருக்கிறது என்று அளக்க, பாறை வளைவுக்குப் பின்னாலிருந்த குகைக்குள் விடியலில் இறங்கியவன் அவன். பாறைகளை அளக்கும் ஊர்வன எந்திரமான துழாவி ஒன்றும் உடன் போயிருந்தது.

சகாயராணி படகை வளைவு வரைதான் ஓட்ட முடிந்தது. அதற்கப்பால் நீந்தினாள். ஒவ்வொரு அலைக்கும் குகை மூச்சை உள்ளிழுப்பதுபோல் அவளை இழுத்துச் சுவரில் அறைந்தது. பெர்க்மான்ஸ் இடுப்பளவு நீரில் நின்றிருந்தான். பக்கத்தில் துழாவி நசுங்கிக் கிடந்தது. அவள் பாறையைப் பிடித்து இழுத்தாள். நகம் பெயர்ந்ததே தவிர, பாறை அசையவில்லை.

கரைமீட்பு மையத்தை அழைத்தாள். மையம் என்பது ஒரு குரல் மட்டுமே.

"உயிர் மீட்பு வரிசையில் உங்கள் இடம் நூற்றுப்பதினேழு. ஆறு மணி நேரம் ஆகலாம்."

"அரை மணியில தண்ணி தலைக்கு மேல போயிரும்."

"உங்கள் கவலை பதிவு செய்யப்பட்டது."

நீர் மார்புக்கு வந்தது. "பிள்ளைகள்ட்ட…" என்று தொடங்கியவனின் வாயை அவள் பொத்தினாள். நசுங்கிய எந்திரத்தின் மேலிருந்த எண் தகடு அவள் கண்ணில் பட்டது.

"ஒரு துழாவி மாட்டிக்கிடக்கு. அதுக்கு?" என்றாள்.

"பொருள் மீட்பு. எண் சொல்லுங்கள்."

சொன்னாள்.

"ஒன்பது நிமிடம். அதுவரை கருவி நனையாமல் பார்த்துக்கொள்ளவும்."

மீன் கத்தியால் தகட்டை நெம்பி எடுத்து, தன் தலைமுடியைக் கட்டியிருந்த கயிற்றால் அவன் கழுத்தில் கட்டினாள். அலை அவன் முகத்தை மூடியபோதெல்லாம் தன் மூச்சை அவன் வாய்க்குள் ஊதினாள். எத்தனை முறை என்று அவளுக்கே தெரியாது. கடைசியில் அவன் உதடுகள் திறக்க மறுத்தன. விரலைவிட்டுத் திறந்து ஊதினாள்.

மையத்தின் மீட்பு எந்திரமான, எட்டுக் கைகளுள்ள ஏந்தி குகைக்குள் நுழைந்தது. தகட்டின்மேல் ஒளி பாய்ச்சியது. பாறையைக் கூடைமூடிபோல் எடுத்து அப்பால் வைத்துவிட்டு, அவனைப் பதமாகத் தூக்கியது. அவளைப் பார்த்து, "தகடு இல்லை" என்றது. அவள் அவன் இடுப்பை விடாமல் கட்டிக்கொண்டாள். ஏந்தி சற்றே யோசித்தது.

"துணைப்பாகம்" என்று சொல்லி இருவரையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு போனது.

எந்திரங்களைச் சீர்செய்யும் பழுதுநிலையத்தில் நான்கே நிமிடங்களில் அவன் நுரையீரலிலிருந்து நீரை உறிஞ்சி எடுத்தார்கள். வெங்காற்றில் உலர்த்தினார்கள். 'தாங்குகோல் முறிவு' என்று எழுதி எலும்பைச் சேர்த்தார்கள். பெர்க்மான்ஸ் இருமினான். எதிரே மனிதர்களுக்கான மருத்துவமனையின் வரிசை படிக்கட்டில் இறங்கித் தெருமுனையில் திரும்பிப் போயிற்று.

உயிருக்கு முன் பொருளை மீட்கும் இந்த முறையை மையத்துக்கு எவரும் கற்பிக்கவில்லை. நூற்றைம்பதாண்டுப் பழைய தெருக் காட்சிகளைப் பார்த்து அதுவே கற்றுக்கொண்டது. வண்டி எவர்மீதாவது மோதினால், மனிதர்கள் இறங்கி முதலில் தடவிப் பார்த்தது வண்டியில் விழுந்த கீறலைத்தான்.

பழுதுநிலையத்து மேலாளர் சூசைநாதன் தகட்டைக் கூர்ந்து பார்த்தார். சகாயராணி அதைக் கையால் மூடினாள்.

"அண்ணே, கழட்டிருதேன். யார்ட்டயும் சொல்லிராதீங்க."

"கழட்டாதம்மா. காலு சரியாக இன்னும் ரெண்டு மாசம் ஆவும்."

அவர் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டுச் சட்டையின் மேல்பொத்தானைக் கழற்றினார். அவர் மார்பில், வேர்வையில் மங்கிப்போன எழுத்துகளோடு ஒரு தகடு தொங்கியது: 'நீரேற்றி, வகை மூன்று.'