அத்தாவின் போன் காவல்

அத்தா வெளியிலிருந்து போன் செய்யும்போது வீட்டில் மணி அடித்தால் நல்லது. அடிக்காவிட்டால் மகள் மாஜிதாவுக்குத் திட்டு நிச்சயம்.

அது 1999ஆம் ஆண்டு. இராஜபாளையத்தில் கம்ப்யூட்டர் இருந்த வீடுகள் கொஞ்சம்தான். மாஜிதாவின் அத்தா ஹுமாயூன், செட்டியார்பட்டியில் சின்னதாக ஒரு பேண்டேஜ் துணிக் கம்பெனி வைத்திருந்தார். துணியை வீட்டில் வைத்துப் பார்சல் கட்டுவது அம்மாவின் வேலை. வெளியூர் வியாபாரிகளுக்கு மெயில் அனுப்பலாம் என்று கம்ப்யூட்டர் வாங்கி, நெட் இணைப்பும் எடுத்தார். அப்போதெல்லாம் நெட்டும் போனும் ஒரே வயரில்தான் வரும். நெட் ஓடினால் போன் வேலை செய்யாது.

ஆறாம் வகுப்புப் படிக்கும் மாஜிதா, அத்தாவை விட வேகமாக நெட் பார்க்கப் பழகிக்கொண்டாள். அதுதான் அத்தாவுக்குக் கவலை. 'புள்ள எதையாவது கண்டதைப் பாத்துட்டா?' என்று பயந்தார். பள்ளி விட்டு வந்ததும் கொஞ்ச நேரம்தான் அனுமதி.

அதைக் கண்காணிக்க அவரே ஒரு வழியும் கண்டுபிடித்தார். கம்பெனியிலிருந்து அடிக்கடி வீட்டுக்குப் போன் போடுவார். எங்கேஜ்டு சத்தம் கேட்டால் மகள் நெட்டில் இருக்கிறாள் என்று அர்த்தம். இந்த யோசனையில் அவருக்கு ரொம்பப் பெருமை.

ஒரு நாள் மாலை, மாஜிதா டியூஷன் முடிந்து வீட்டுக்குள் நுழைந்தாள். பின்னாலேயே அத்தாவின் மொபட் உறுமிக்கொண்டு வந்து நின்றது.

"ஏட்டி மாஜிதா! நான் கம்பெனில இல்லாத நேரத்துல மதுரை யாவாரி வீட்டுக்கு விடாம போன் போட்டுருக்கார். லைனே கெடைக்கல. சரக்கு ஏத்த வந்த லாரி சும்மா திரும்பிப் போச்சு!"

"நான் டியூஷனுக்குப் போகும்போதே நெட்டைக் கட் பண்ணிட்டேன் அத்தா."

அத்தா கம்ப்யூட்டரை மூடியிருந்த துணியை விலக்கினார். திரை இருட்டாக இருந்தது. ஆனால் பெட்டி ஓடிக்கொண்டிருந்தது. திரையின் பொத்தானை அமுக்கியதும், நெட் ஓடுவதைக் காட்டும் சின்னப் படம் மூலையில் கண் சிமிட்டியது.

"இது என்ன? பொய் வேறயா? நாளைக்கே நெட்டை எடுத்துர்றேன்!"

மாஜிதாவுக்கு அழுகை முட்டியது. அடுத்த வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் அறிவியல் கண்காட்சி. அந்த ஊர்க் காட்டில் வாழும் சாம்பல் நிற அணிலைப் பற்றி அவள் ஒரு படத் தொகுப்பு தயாரித்துக்கொண்டிருந்தாள். படங்கள் பாதிகூடச் சேரவில்லை. அதைவிட, பொய்க்காரி என்று சொன்னதுதான் அதிகம் வலித்தது.

அத்தா முகம் கழுவப் போனார். மாஜிதா கீழே கிடந்த துணியை எடுத்தாள். அது அவர்கள் கம்பெனி பேண்டேஜ் துணிதான். நான்கு மூலையிலும் படிய மடித்த தடம் இருந்தது.

அவள் யோசித்தாள். அவள் எப்போதும் துணியைத் தூக்கிப் போட்டு மூடுவாளே தவிர, மடித்துச் செருகியதே இல்லை. பேண்டேஜ் பார்சல் கட்டுகிறவர்கள்தான் இப்படி மூலை மடிப்பார்கள். அந்த வீட்டில் பார்சல் கட்டுகிறவர் ஒருவர்தான்.

நேராக அடுப்படிக்குப் போனாள். "அம்மா, நீ நெட்டுல என்ன பாத்த?"

அம்மா அப்ரோஸ் பேகத்தின் கையிலிருந்த கரண்டி நழுவியது.

"மெதுவாப் பேசு ஏட்டி! மக்காவுல இருக்கிற காபாவைப் பாக்கணும்னு ஆசை. காலண்டர்ல இருக்கிற ஒத்தப் படத்தை எம்புட்டு நாள்தான் பாக்க? நீ செய்யிற மாதிரியே அமுக்கினேன். கீ கீன்னு கத்துச்சு. பொறவு என்ன செய்யணும்னு தெரியல. டிவிய அமத்துற மாதிரி அமத்திட்டு மூடிட்டேன்."

"அத்தாகிட்ட சொல்லிரும்மா."

"உங்க அத்தா சிரிப்பாகடி. போன வாரமே, 'உனக்கு எதுக்கு இதெல்லாம்'னாக. உன்னை ஏசுனது எனக்கும் பொறுக்கல. செத்த பொறு, நானே சொல்லிர்றேன்."

போய்ச் சொல்லிவிட்டால் மாஜிதா தப்பித்துக்கொள்ளலாம். ஆனால் அம்மாவைப் பார்த்து அத்தா சிரிப்பதை அவளால் நினைத்துப் பார்க்க முடியவில்லை. அவளுக்கு வேறு ஒரு யோசனை வந்தது.

சாப்பாடு முடிந்ததும் அத்தாவிடம் போனாள். "அத்தா, நெட்டை எடுக்கிறதுன்னா எடுங்க. அதுக்கு முன்னாடி ஒரு தடவை என் பக்கத்துல உக்காந்து பாருங்க. போன் போட்டா நெட் ஓடுதான்னுதான தெரியும்? நான் என்ன பாக்குறேன்னு எப்படித் தெரியும்?"

அத்தா நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

மாஜிதா முதலில் அணிலைக் காட்டினாள். "ஆத்தாடி, வாலு எம்புட்டு நீளம்!" என்று அத்தா வாய் பிளந்தார்.

அடுத்து வேறு ஒரு படத்தைத் திறந்தாள். படம் மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக வந்தது. முதலில் வானம். பிறகு மினாரா கோபுரங்கள். பிறகு கறுப்புத் திரை போர்த்திய காபா. அதைச் சுற்றி வெள்ளை வெள்ளையாக எத்தனையோ பேர்.

பின்னால் யாரோ மூக்கை உறிஞ்சும் சத்தம் கேட்டது. ஈரக் கையோடு அம்மா நின்றுகொண்டிருந்தார். முந்தானை தலைக்கு ஏறியிருந்தது. கண்களில் நீர் நிறைந்திருந்தது.

"என்னங்க, இதைப் பாக்கத்தான் நெட்டைப் போட்டேன். அமத்தத் தெரியல. லாரி திரும்பிப் போனது என்னாலதான். புள்ள பொய் சொல்லல."

அத்தா திரும்பி மகளைப் பார்த்தார். "உனக்குத் தெரியுமா?"

"தெரியும்."

"பொறவு ஏன் சொல்லல?"

"அது அம்மாவோட ஆசை. அம்மாதான சொல்லணும்?"

அத்தா சிரிக்கவில்லை. தாடியைத் தடவிக்கொண்டார். "உன்னைப் பொய்க்காரின்னுட்டேனே தாயி. தப்புதான்" என்றார். பிறகு எழுந்து, தான் உட்கார்ந்திருந்த நாற்காலியை அம்மா பக்கம் தள்ளினார்.

"உக்காரு. மவுசைப் பிடி."

"ஐயோ, ஒடஞ்சிட்டா?"

"ஒடஞ்சா என்ன? கட்டுப் போட நம்மகிட்ட இல்லாத துணியா?"

அம்மா சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் கை மேல் மாஜிதா தன் கையை வைத்தாள். திரையில் அம்பு நடுங்கி நடுங்கி நகர்ந்தது. கொஞ்ச தூரம் போனதும் மாஜிதா கையை எடுத்துவிட்டாள். அம்மாவுக்கு அது தெரியவே இல்லை.

"நான் ஒரு மெயில் பாக்கணுமே" என்றார் அத்தா.

"செத்த இருங்க" என்றார் அம்மா, திரையிலிருந்து கண்ணை எடுக்காமல்.